ஹெவிவெயிட்டா, வெல்டரா, பாண்டமா? ஒரே பிரிவைத்தான் பார்க்க முடியும் என்றால்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு மட்டும் 17 எடைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கு அமைப்புகள் ஆளுக்கொரு சாம்பியன் பட்டம், அதற்கு அடையாளமாக ஒரு பெல்ட் வைத்திருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 68 பெல்ட்டுகள். இது போதாதென்று இடைக்கால சாம்பியன், ‘ரெகுலர்’ சாம்பியன் என்று துணைப் பட்டங்கள் வேறு. 2020இல் டபிள்யூபிசி, க்ரூசர்வெயிட்டுக்கும் ஹெவிவெயிட்டுக்கும் நடுவே ‘பிரிட்ஜர்வெயிட்’ என்று இன்னொரு பிரிவையும் நுழைத்தது. வேலைக்குப் போகிற, வீட்டில் ஆட்கள் தூங்குகிற ஒரு மனிதனால் இத்தனையையும் பின்தொடர முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் விட்டது ஹெவிவெயிட்டை. எங்கள் குடும்பத்தில் இது கிட்டத்தட்ட மதம் மாறியதற்குச் சமம். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடியபோது என் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் நின்றவர். குத்துச்சண்டை என்றால் அவருக்கு அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன். அதற்குக் கீழே எடையுள்ளவர்கள் எல்லாம், பெரிய சண்டைக்கு முன்னால் கூட்டம் வந்து உட்காரும்வரை ரிங்கை நிரப்புகிறவர்கள். அந்தப் பாடத்தைத்தான் நானும் இருபது ஆண்டு படித்தேன். 2024 மே மாதம், பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சண்டைகளைப் பார்த்த பிறகு கட்சி மாறினேன்.

மே 6, திங்கள்கிழமை. டோக்கியோ டோம் அரங்கில் ஜப்பானின் நவோயா இனோவேயும் மெக்சிகோவின் லூயிஸ் நேரியும் மோதினார்கள். சூப்பர் பாண்டம்வெயிட், 122 பவுண்டு, அதாவது 55.3 கிலோ. நம் நேரத்துக்கு மாலை ஐந்தரை வாக்கில், வேலை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். அடுத்தது மே 18, ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரி. ஹெவிவெயிட். நம் நேரத்துக்கு ஞாயிறு விடியற்காலை மூன்று மணி தாண்டிவிட்டது. முன்சண்டைகள் இழுத்துக்கொண்டே போக, கூடத்தில் விளக்கைப் போடாமல், சத்தத்தைக் குறைத்து வைத்து விழித்திருந்தேன். இரண்டுமே அருமையான சண்டைகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெவிவெயிட் சண்டை மோசமாக இருந்ததால் நான் மாறவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை இரண்டு வரியில் தாண்டிவிடலாம். கனத்தவர் ஒரு குத்தில் கதையை முடித்துவிடுவார். சின்னவர் வேகமாகவும் அதிகமாகவும் குத்துவார். நடுவில் இருப்பவரிடம் இரண்டும் பாதிப் பாதி. சின்னவர்களின் குத்தில் பலமில்லை என்பது பழைய பேச்சு. இனோவேயின் இடது கை உடலில் இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் அதைச் சொல்வதில்லை.

முதலில் ஹெவிவெயிட். 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். உச்சவரம்பே கிடையாது. இதுதான் அதன் கவர்ச்சி, இதுதான் அதன் கோளாறு. 2019 ஜூனில் ஆன்டி ரூயிஸ், வேறொருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, தொப்பையோடு மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஏறி, சிற்பம் போல நின்ற ஆன்டனி ஜோஷுவாவை நான்கு முறை தரையில் தள்ளி மூன்று பெல்ட்டுகளைப் பிடுங்கினார். வேறு எந்தப் பிரிவிலும் இப்படி ஒருவர் நுழையவே முடியாது. தராசே வாசலில் நிறுத்திவிடும். அந்த ஏழு சுற்றுகளுக்காக நான் ஹெவிவெயிட்டுக்கு எப்போதும் கடன்பட்டிருக்கிறேன். ஆறே மாதத்தில் மறுசண்டைக்கு அதே ரூயிஸ் இன்னும் எடை போட்டு வந்து, பன்னிரண்டு சுற்றும் ஜோஷுவாவைத் துரத்தித் துரத்தி மூச்சிரைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வரம்பில்லாததன் மறுபக்கம் 2024 டிசம்பரில் தெரிந்தது. உசிக்கும் ஃபியூரியும் மறுபடி மோதியபோது, உடைகளோடு தராசில் ஏறிய ஃபியூரி 281 பவுண்டு, உசிக் 226. வித்தியாசம் 55 பவுண்டு, ஏறத்தாழ 25 கிலோ. இந்த 55 பவுண்டை ஒரு ஃபிளைவெயிட்காரரின் 112 பவுண்டோடு கூட்டினால் 167. பதினோரு படி தாண்டி சூப்பர் மிடில்வெயிட்டில் போய் நிற்கும். கீழே அந்த அளவுக்குள் பதினோரு கதவு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், மேலே ஒரே கூடம். நான் எண்ணூர்ப் பக்கம் லாரிகளுக்கான எடைமேடையில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் மேடை பத்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது. ஹெவிவெயிட்காரர்களை எங்கள் மேடையிலேயே நிறுத்தி எடை பார்த்துவிடலாம் என்று சில சமயம் தோன்றும்.

ஆனாலும் உசிக் இரண்டு முறையும் வென்றார் என்பதை மறைக்கக் கூடாது. க்ரூசர்வெயிட்டில் 2018இலேயே நான்கு பெல்ட்டும் வாங்கிவிட்டு மேலே ஏறி வந்தவர் அவர். ஹெவிவெயிட்டில் நான் இன்றும் விரும்பிப் பார்க்கிற ஒரே ஆள், அடிப்படையில் ஒரு சின்ன ஆள்!

வெல்டர்வெயிட்டை வேகமாகத் தாண்டுகிறேன். 147 பவுண்டு, 66.7 கிலோ. குத்துச்சண்டையின் பழைய எட்டுப் பிரிவுகளில் ஒன்று. லெனர்ட், ஹேர்ன்ஸ், டுரான், பிறகு மேவெதர், பாக்கியாவ் என்று பெயர்களை அடுக்கினாலே போதும், அதன் கௌரவம் தெரிந்துவிடும். சண்டை நுட்பம் கற்க வேண்டுமென்றால் இந்தப் பிரிவைத்தான் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் லாஸ் வேகாஸில் நடப்பதால் நமக்கு ஞாயிறு காலை இட்லியோடு பார்க்கலாம் என்ற வசதியும் உண்டு. லெனர்டும் ஹேர்ன்ஸும் ஆளுக்கொரு பட்டத்தோடு 1981 செப்டம்பரில் மோதியதைப் பதிவில் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று சுற்றுகள் பின்தங்கியிருந்த லெனர்ட் பதினான்காவதில் முடித்தார். ஒரு பிரிவுக்கு அது ஒன்றே போதும் என்று நினைத்த காலமும் உண்டு. ஆனால் நான் நேரடியாகப் பார்த்த வெல்டர்வெயிட் வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, நான் தேர்ந்தெடுத்தது. தலைப்பில் பாண்டம் என்று எழுதியிருந்தாலும், உண்மையில் நான் 115 பவுண்டு சூப்பர் ஃபிளை, 118 பாண்டம், 122 சூப்பர் பாண்டம் என்ற மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறேன். கள்ளக் கணக்குதான். ஆனால் வெல்டரிலிருந்து சூப்பர் வெல்டருக்குப் போகும் ஒரே படி 7 பவுண்டு. என்னுடைய மூன்று பிரிவும் சேர்ந்தே 7 பவுண்டுதான். பாண்டம் என்ற பெயரே ஒரு குட்டிச் சேவல் வகையிலிருந்து வந்தது. ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட சேவல். சேவற்கட்டு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவில் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த விஷயம். அது குத்தின் வேகமோ பலமோ, சண்டை நடக்கும் நேரமோ அல்ல. காத்திருப்பு. ஒரு பிரிவில் யார் முதல்வர் என்று தெரிந்துகொள்ள ரசிகன் எத்தனை காலம் உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஹெவிவெயிட்டில் லெனக்ஸ் லூயிஸ் 1999 நவம்பரில் ஹோலிஃபீல்டை வென்று மறுப்புக்கிடமில்லாத சாம்பியன் ஆனார், அதாவது பிரிவின் முக்கியப் பெல்ட்டுகள் எல்லாம் அவர் ஒருவரிடம். அடுத்து அப்படி ஒருவர் வந்தது 2024 மே மாதம், உசிக். இருபத்துநான்கரை ஆண்டு. லூயிஸ் வென்ற அன்று பிறந்த குழந்தை, உசிக் வென்ற அன்று எங்கள் எடைமேடைக்கு லாரி ஓட்டி வந்திருக்கலாம்.

நடுவில் என்னதான் நடந்தது? முதலில் க்ளிட்ச்கோ சகோதரர்கள். 2011 ஜூலையில் தம்பி விளாடிமிர் டேவிட் ஹேயை வென்றதும் நான்கு பெல்ட்டும் ஒரே குடும்பத்துக்கு வந்துவிட்டன, ஆனால் இரண்டு இடுப்புகளில். அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மகன்களாக அது பெருமைக்குரிய விஷயம். ரசிகனாக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். 2015 நவம்பரில் ஃபியூரி டியூசல்டார்ஃபில் விளாடிமிரை வென்றார். பத்தே நாளில், மறுசண்டைக்கு ஒப்பந்தம் இருந்ததால் அமைப்பு நிர்ணயித்த கட்டாய எதிராளியோடு மோத முடியாது என்று, ஐபிஎஃப் தன் பெல்ட்டை எடுத்துக்கொண்டது. பிறகு ஜோஷுவாவிடம் மூன்று, டியான்டே வைல்டரிடம் ஒன்று என்ற நிலை 2018இல் வந்தது. அந்த ஒரு சண்டைக்காக உலகமே காத்திருந்தது. நடக்கவேயில்லை. 2021இல் ஜோஷுவா, ஃபியூரி மோதுவது உறுதி என்று அறிவித்தார்கள். வைல்டருக்கு மறுசண்டை பாக்கி இருக்கிறது என்று நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்ல, அதுவும் போயிற்று. கடைசியில் உசிக், ஃபியூரி என்று 2024 பிப்ரவரிக்கு நாள் குறித்தார்கள். பயிற்சியில் ஃபியூரியின் புருவம் கிழிந்து அது மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த மே மாத விடியற்காலையில், ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடி, நடுவர் எண்ணி, மணி அடித்து, கடைசியில் புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவரின் தீர்ப்பில் உசிக் வென்றபோது நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. நான்கு பெல்ட்டும் ஒரே இடுப்பில். அடுத்த மாதமே உசிக் ஐபிஎஃப் பெல்ட்டைக் கைவிட வேண்டியிருந்தது. மறுபடியும் பழைய காரணம்தான்: ஃபியூரியோடு மறுசண்டை ஒப்பந்தம், காத்திருக்கும் கட்டாய எதிராளி. இருபத்துநான்கரை ஆண்டு காத்திருந்து கிடைத்தது ஒரு மாதச் சொச்சம். 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவை வெம்ப்ளியில் ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி உசிக் மீண்டும் நான்கையும் சேர்த்தார். ஆனால் அதற்குள் நான் கட்சி மாறியிருந்தேன்.

வெல்டரும் இதில் நல்ல பிள்ளை இல்லை. மேவெதர், பாக்கியாவ் பேச்சு தொடங்கியது 2009 கடைசியில். சண்டை நடந்தது 2015 மே 2. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆறவைத்துப் பரிமாறினார்கள். இருவருமே தங்கள் உச்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பன்னிரண்டு சுற்றும் பார்த்துவிட்டு நான் பேசாமல் தோசைக்கு மாவு வாங்கக் கடைக்குப் போனேன். எரல் ஸ்பென்ஸ், டெரன்ஸ் க்ராஃபர்ட் சண்டையும் பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகே 2023 ஜூலையில் நடந்தது. அது காத்திருப்புக்குத் தகுந்ததாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பென்ஸை மூன்று முறை தரையில் இறக்கி ஒன்பதாவதில் முடித்தார் க்ராஃபர்ட். பிறகு அவர் சூப்பர் வெல்டருக்குப் போய், அங்கிருந்து 2025 செப்டம்பரில் இரண்டு பிரிவு தாண்டி 168 பவுண்டில் கனெலோ அல்வாரெஸையும் வென்றார். வெல்டரில் அவர் விட்டுப்போன இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.

இப்போது சின்னவர்களின் கணக்கு. 2022 டிசம்பர் 13 அன்று இனோவே, பால் பட்லரைப் பதினோராவது சுற்றில் வீழ்த்தி பாண்டம்வெயிட்டின் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். அடுத்த மாதமே நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நான்கு பவுண்டு மேலே ஏறினார். 2023 ஜூலையில் ஸ்டீபன் ஃபுல்டனிடமிருந்து இரண்டு பெல்ட். டிசம்பர் 26 அன்று மார்லன் டபாலெஸிடமிருந்து மீதி இரண்டு. முதல் நான்குக்கும் இரண்டாவது நான்குக்கும் நடுவே பன்னிரண்டரை மாதம். ஹெவிவெயிட்டில் இதே அளவு காலம் ஒரு சண்டைக்குத் தேதி குறிக்கவே போய்விடும்.

ஏன் இப்படி? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது பணம், உடல், வாசல் ஆகிய மூன்றும்தான். ஹெவிவெயிட் சாம்பியன் ஒரு தோல்வியில் இழப்பது பெரும் சொத்து. அவரை வைத்துப் பிழைக்கும் நிர்வாகிகளும் ஒளிபரப்பாளர்களும் ஆளுக்கொரு கூடாரம். நகையை வெளியே எடுக்கவே தயங்குவார்கள். சின்னவர்களுக்குக் காத்து வைக்க அவ்வளவு நகை இல்லை. இன்னொரு சாம்பியனை வென்றால்தான் காசு. ஜப்பானில் அரங்கு நிரம்பும் என்பதால் மற்ற நாட்டு சாம்பியன்களும் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார்கள். ஃபுல்டன் பிலடெல்பியாக்காரர். தோற்கக்கூடிய இடம் என்று தெரிந்தே டோக்கியோவுக்கு வந்தார்.

உடல் என்று நான் சொல்வது இதை: ஹெவிவெயிட்காரருக்கு முப்பத்தைந்து வயதிலும் நேரம் இருக்கிறது. எடை கூடினாலும் அதே பிரிவுதான். 118 பவுண்டில் சண்டையிடுகிறவருக்கு ஒவ்வொரு ஆண்டும் எலும்பு கனத்துக்கொண்டே போகும், தராசு நகராது. சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்க்கும் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, எச்சில் கூட ஊறாத வாயோடு ஒருவர் தராசில் ஏறுகிறார். இம்மி கூடுதல். உதவியாளர்கள் இரண்டு பேர் துண்டை மறைப்பாக விரித்துப் பிடிக்கிறார்கள். உள்ளாடையையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறுகிறார். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிற்கிறார், காற்றுக்கும் எடை இருக்கிறது என்பதுபோல. எண்ணை அறிவித்ததும் கீழே இறங்கி முதலில் தேடுவது பேட்டியாளரை அல்ல, தண்ணீர் பாட்டிலை. நாள் முழுக்க டன் கணக்கில் எழுதுகிற எனக்கு இந்தக் காட்சி ஒருபோதும் பழகுவதில்லை. மானி பாக்கியாவே ஃபிளைவெயிட் சாம்பியனாக இருந்தபோது, 1999இல், எடை கூடிவிட்டதால் பெல்ட்டைத் தராசிலேயே இழந்தவர். அந்தச் சண்டையிலும் தோற்றார். இந்தப் பிரிவில் தள்ளிப்போடுவதற்கு உடம்பே இடம் கொடுக்காது. இந்த ஆண்டு மோதாவிட்டால் அடுத்த ஆண்டு இருவரும் ஒரே எடையில் இருக்க மாட்டார்கள்.

கடைசிக் காரணம் வாசல். மூன்று நான்கு பவுண்டில் அடுத்த பிரிவு இருப்பதால், வேலை முடிந்ததும் சாம்பியன் மேலே போய்விடலாம். பாக்கியாவ் அந்த 112இலிருந்து 122க்குத் தாவி, 2001இல் அங்கே பட்டம் வென்று, பிறகு படிப்படியாக ஏறி மொத்தம் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றார். இனோவே 108 பவுண்டில் 2014இல், தன் ஆறாவது சண்டையிலேயே சாம்பியனாகி, இன்று 122இல் நிற்கிறார். ஜெஸ்ஸி ‘பாம்’ ரோட்ரிகெஸ் 22 வயதில் குறுகிய அவகாசத்தில் அழைப்பு வந்ததும் இரண்டு பிரிவு மேலேறி வந்து 115 பவுண்டு பட்டத்தை வென்றார். பிறகு 112க்கு இறங்கி அங்கே இரண்டு பெல்ட்டைச் சேர்த்து, மறுபடி 115க்கு ஏறினார். ஏணிகளும் கதவுகளும் நிறைந்த வீடு இது. ஹெவிவெயிட் மொட்டை மாடி. அங்கே ஏறியவர் உட்கார்ந்துகொள்கிறார்.

இனோவே, நேரி சண்டைக்குத் திரும்புகிறேன். 1990இல் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனை வீழ்த்தியது இதே டோக்கியோ டோமில்தான். அதற்குப் பிறகு 34 ஆண்டு அங்கே குத்துச்சண்டை நடக்கவில்லை. ஹெவிவெயிட் பூட்டிவிட்டுப் போன அரங்கை 55 கிலோ ஆள் திறந்தார். முதல் சுற்றில் நெருக்கமாக நின்று குத்து பரிமாறும்போது நேரி வளைத்து வீசிய இடது கைக் குத்து, இடது ஹூக், தாடையில் பட்டு இனோவே மல்லாந்து விழுந்தார். தொழில்முறையில் அவர் விழுந்தது அதுவே முதல் முறை. டீக்கடை பெஞ்சில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் டீயைத் தள்ளி வைத்தார். அவமானத்தில் துள்ளி எழுவார் என்று நினைத்தேன். எழவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி, நடுவரின் விரல்களைப் பார்த்தபடி எட்டு வரை எண்ணவிட்டுப் பிறகு நிதானமாக எழுந்தார். இரண்டாம் சுற்றில் நேரி கீழே. ஐந்தில் மறுபடி கீழே. ஆறாவதில் கயிற்றோரம் ஒரு வலது கை, அவ்வளவுதான். அந்த எட்டு எண்ணிக்கையை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதைவிடவும் எனக்குப் பிடித்தது 2019 நவம்பர், சைத்தாமாவில் நொனிட்டோ டொனேருடன் நடந்தது. இரண்டாம் சுற்றில் டொனேரின் இடது ஹூக் பட்டு இனோவேயின் வலது கண்குழி எலும்பு உடைந்தது. அதன்பின் அவருக்கு டொனேர் இரண்டு இரண்டாகத் தெரிந்தார். எனவே வலது கையுறையை உயர்த்தி, தற்காப்புக்கு வைத்ததுபோல் அந்தக் கண்ணை மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் மீதிச் சண்டையைப் போட்டார். இது தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் அந்தக் கையுறையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. பதினோராவதில் வயிற்றில் இறங்கிய இடது கையில் டொனேர் சுருண்டு உட்கார்ந்தார், ஆனாலும் எழுந்து கடைசி மணி வரை நின்றார். அது ஒரு போட்டித் தொடரின் இறுதிச் சண்டை, அதன் கோப்பை அலியின் பெயரைத் தாங்கியது. மகன்களுக்குக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த டொனேர், ஒரே ஒரு இரவுக்கு என்று கோப்பையை இனோவேயிடமே கேட்டு வாங்கிப்போனார். ஹெவிவெயிட் செய்தியாளர் கூட்டங்களில் மேசையைக் கவிழ்ப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது வேறு உலகமாக இருந்தது.

115 பவுண்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2021 மார்ச்சில் ரோமன் ‘சாக்கலேட்டிட்டோ’ கொன்சாலெஸும் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ எஸ்ட்ராடாவும் பன்னிரண்டு சுற்றில் சேர்ந்து 2500க்கும் மேற்பட்ட குத்துகளை வீசினார்கள். வீட்டு வேலை செய்துகொண்டே பார்க்கக்கூடிய சண்டை அல்ல அது. அடுப்பில் பால் வைத்திருந்தால் பொங்கி வழியும். எனக்கு வழிந்தது.

குறை இல்லாமலா? நிறைய இருக்கிறது. இனோவே பாண்டம்வெயிட்டை விட்டுப் போனதும் நான்கு பெல்ட்டும் நான்கு திசைக்குப் பறந்தன. 2024 மே மாதம் நான்கு பேருமே ஜப்பானியர்கள்: இனோவேயின் தம்பி டகுமா, ஜுன்டோ நகடானி, ரியோசுகே நிஷிடா, யோஷிகி டகேய். ஒரே நாட்டுக்காரர்கள், ரயிலில் போய் மோதிக்கொள்ளலாம். நகடானியும் நிஷிடாவும் மோத 2025 ஜூன் வரை ஆயிற்று. இனோவேயும் ஒருவரைக் காக்க வைத்தார். முரோத்ஜோன் அக்மதாலியேவ் 2023 டிசம்பரிலேயே தகுதிச் சண்டையை வென்றுவிட்டு, ஏறத்தாழ 21 மாதம் வாசலில் நின்றார். ஆக, காத்திருப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுகளில் எண்ணுவதை மாதங்களில் எண்ணுகிறோம், அவ்வளவே. எடைக் குறைப்பு உடலைக் கெடுக்கிறது என்ற கவலையும் உண்மையானது. நான் ரசிக்கும் அந்தத் தராசுக் காட்சியை ரசிப்பது சரிதானா என்று சில சமயம் உறுத்தும்.

இன்னொன்று, என் தீர்ப்பு 115க்கும் 122க்கும் நடுவே மட்டும்தான் செல்லும். 105 பவுண்டு மினிமம்வெயிட்டில் முழுதாகப் பார்த்த சண்டைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும், அதனால் அங்கே போகச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். லைட்வெயிட்டிலும் சூப்பர் லைட்வெயிட்டிலும் ஊறிய நண்பர் ஒருவர், நான் தப்பான கடையில் நிற்கிறேன் என்கிறார். இருக்கலாம். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஹெவிவெயிட்தான். டீக்கடையில் உசிக் என்றால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நகடானி என்றால் நான் மட்டும்தான். ஆண்டுக்கு ஒரே ஒரு சண்டை பார்க்கிறவர் என்றாலும் ஹெவிவெயிட்டோடு இருங்கள். ஆண்டு முழுக்கத் தொடர்ந்து ஒரு கதை ஓட வேண்டும் என்பவருக்கே நான் சொல்வது.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. எனவே 2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் வீட்டுக்கே போய் இனோவே, அக்மதாலியேவ் சண்டையைப் போட்டுக் காட்டினேன். நகோயாவில் நடந்தது. முதல் கேள்வி, எவ்வளவு எடை என்றார். ஐம்பத்தைந்து கிலோ என்றதும் சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அன்றைக்குப் பார்த்து இனோவே யாரையும் விழவைக்கவில்லை. பன்னிரண்டு சுற்றும் கால்களிலேயே சண்டை போட்டார். நுழைவார், இரண்டு குத்து, அக்மதாலியேவ் திருப்பி வீசும்போது அந்த இடத்தில் இருக்க மாட்டார். நான்காம் சுற்றில் பெரியப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஏழாவதில், நழுவுகிறானே, என்றார். யார் மாதிரி என்று நான் கேட்கவில்லை. மூன்று நடுவர்களும் இனோவேயின் கையை உயர்த்திய பிறகு, அடுத்தது எப்போது என்றார்.

டிசம்பரில் என்றேன். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் தாள்களைக் கட்டைவிரலால் அப்படியே அடியோடு தூக்கி, டிசம்பரைத் தேடத் தொடங்கினார்.